மணிக்கு 195 கிலோமீட்டர்

கேமரன் மலையில் காலை ஏழு மணிக்கெல்லாம் பனி விலகிவிடாது. சுங்கை பாலாஸ் பக்கம் தேயிலைச் சரிவுகளில் மேல் வரிசைகள் மட்டும் தெரியும். கீழே இருப்பவை வெள்ளைக்குள் கிடக்கும். பிரிஞ்சாங்கில் ஒரு கடையில் தேநீருக்குக் காத்திருந்தபோது எதிரே வந்து உட்கார்ந்த பெரியவர், "பசியாறிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார். தோட்டத்தில் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். தேயிலைப் பெட்டிகளோடு தாப்பா ரோட்டுக்கும் ஈப்போவுக்கும் இறங்கி ஏறியே ஆயுளில் பாதியைக் கழித்தவர்.

"பேத்தி லங்காவியில ஓட்டல் வேலையில இருக்கு. பினாங்குல பிளேன் ஏறினா நாப்பதே நிமிஷம்னு சொல்லுது. தூரம் எவ்வளவு இருக்கும்?"

கைபேசியைப் பார்த்து, விமானத் தூரம் 130 கிலோமீட்டர் என்றேன். பெரியவர் கிளாஸின் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்போ மணிக்கு நூத்தித் தொண்ணூத்தஞ்சு கிலோமீட்டர். பிளேன் இவ்வளவு மெதுவாவா போகுது?"

கணக்கு சரிதான். 130-ஐ 40-ஆல் வகுத்து 60-ஆல் பெருக்கினால் 195. பயணிகளை ஏற்றும் ஜெட் விமானம் ஒன்று, போயிங் 737 என்று வைத்துக்கொள்வோம், தரையிறங்க வரும்போதுகூட மணிக்குச் சுமார் 250 கிலோமீட்டர் வேகத்தில் வரும். இறக்கை மடல்களையெல்லாம் விரித்து, இதற்கு மேல் வேகத்தைக் குறைத்தால் ஆபத்து என்ற எல்லைக்குச் சற்று மேலே வைத்திருக்கும் வேகம் அது. 195-இல் ஆளும் பெட்டியுமாக நிறைந்த ஜெட்டை இறக்கை தாங்காது. சராசரியாகப் பார்த்தால், அந்த விமானம் பறக்கவே முடியாத வேகத்தில் லங்காவிக்குப் போய்ச் சேருகிறது. பெரியவர் கேட்ட கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிட முடியாது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

முதலில் தூரம் சரியா என்று பார்த்துவிடுவோம். இதற்குக் கைபேசி வேண்டியதில்லை, எட்டாம் வகுப்புக் கணக்கு போதும். பினாங்கு விமான நிலையம் வடக்கு 5 பாகை 18 கலையிலும் கிழக்கு 100 பாகை 17 கலையிலும் இருக்கிறது. லங்காவி விமான நிலையம் வடக்கு 6 பாகை 20 கலை, கிழக்கு 99 பாகை 44 கலை. ஒரு பாகையை 60 கூறாக்கினால் ஒரு கூறு ஒரு கலை. கடலோடிகள் இதை வைத்துத்தான் தங்கள் அளவுகோலைச் செய்துகொண்டார்கள்: வடக்கு தெற்காக ஒரு கலை நகர்ந்தால் அது ஒரு கடல் மைல், இன்றைய கணக்கில் 1,852 மீட்டர். விமானிகளும் அதே மைலைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

ஆக வடக்கே 62 கலை என்றால் 62 கடல் மைல். மேற்கே 33 கலை. தீர்க்கரேகைகள் துருவத்தை நோக்கிப் போகப் போக நெருங்குவதால் கிழக்கு மேற்குக் கலை கொஞ்சம் சுருங்கும். ஆனால் மலேசியா நிலநடுக்கோட்டின் மடியில் இருப்பதால் சுருக்கம் நூற்றுக்கு அரைதான். 33-ஐ 32.8 ஆக்கினால் போதும். இனி பித்தாகரஸ் பார்த்துக்கொள்வார். 62-இன் வர்க்கம் 3,844, 32.8-இன் வர்க்கம் சுமார் 1,076, கூட்டினால் 4,920, அதன் வர்க்கமூலம் 70 கடல் மைலுக்கு ஒரு துளி அதிகம். கிலோமீட்டரில் 130. பூமி உருண்டையாயிற்றே என்றால், இவ்வளவு குறுகிய தூரத்தில் அதன் வளைவு கணக்கைக் கெடுக்காது. சென்னை–பினாங்கு போன்ற 2,365 கிலோமீட்டருக்குத்தான் பெருவட்டக் கணக்கு தேவைப்படும்.

தூரத்தில் பிழையில்லை. அப்படியானால் நேரம் எங்கே போகிறது?

விமானக்காரர்களின் கடிகாரம் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கட்டையை எடுக்கும்போது ஓடத் தொடங்கி, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கட்டை வைக்கும்போது நிற்கிறது. பயணச்சீட்டில் இருக்கும் நேரம் இந்த இரண்டு கட்டைகளுக்கு இடைப்பட்ட நேரம், அதோடு தாமதமானால் சமாளிக்கக் கொஞ்சம் உபரி. வாசலை விட்டுப் பின்னுக்குத் தள்ளி, இயந்திரங்களை இயக்கி, ஓடுபாதையின் முனைவரை ஊர்ந்துபோக ஐந்தாறு நிமிடம் ஆகும். முன்னால் வேறு விமானங்கள் வரிசையில் நின்றால் பத்தும் ஆகும். அந்தப் பக்கம் இறங்கிய பிறகும் இதே கதை.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பெரியவர், "அது லோரியில சரக்கு ஏத்தற நேரம். அதைக் கழிச்சிருங்க, மேல போன பிறகு?" என்றார்.

மேலே போன பிறகும் விமானத்தால் நேர்கோட்டில் போக முடியாது. பினாங்கிலிருந்து லங்காவி இருக்கும் திசை வடமேற்கு. வடக்கிலிருந்து வலமாகச் சுற்றி எண்ணினால் 332 பாகை. ஆனால் பினாங்கு ஓடுபாதைக்கு 04/22 என்று பெயர். காந்தத் திசையைப் பத்தால் வகுத்து வைக்கும் பெயர் அது. ஓடுபாதை வடகிழக்கே சுமார் 40 பாகையும் தென்மேற்கே 220 பாகையும் பார்த்தபடி கிடக்கிறது. காற்று எதிரே வீசும் பக்கம் பார்த்துத்தான் கிளம்ப வேண்டும். வடகிழக்கே கிளம்பினால் இடப்பக்கம் 70 பாகை அளவு திரும்ப வேண்டும். தென்மேற்கே கிளம்பினால் லங்காவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிளம்பி, 110 பாகைக்கு மேல் திரும்ப வேண்டும். லங்காவி ஓடுபாதை 03/21. அங்கேயும் ஒரு பக்கத்திலிருந்து இறங்கினால் திருப்பம் சிறியது, மறுபக்கத்திலிருந்து இறங்கவேண்டி வந்தால் தீவைத் தாண்டிப் போய்த் திரும்பி வரவேண்டும்.

திரும்புவது என்றால் மாட்டுவண்டி திரும்புவதுபோல் நின்ற இடத்தில் இல்லை. மணிக்கு 460 கிலோமீட்டர் வேகத்தில், பயணிகளின் காப்பி சிந்தாத அளவுக்கு 25 பாகை சாய்ந்து திரும்பும் விமானம் மூன்றரை கிலோமீட்டருக்கும் சற்று அதிகமான ஆரத்தில்தான் வட்டமிடும். இறங்கும்போது ஓடுபாதைக்குப் பதினைந்து இருபது கிலோமீட்டர் முன்பே நேர்க்கோட்டுக்கு வந்துவிடவும் வேண்டும். 130 கிலோமீட்டர் பயணத்தில் இந்த வளைவுகளுக்கே எவ்வளவு போய்விடுகிறது பாருங்கள்.

இன்னொரு விஷயம் உயரம். ஜெட் விமானம் முழு வேகத்தில் போக 30,000 அடிக்கு மேல் மெல்லிய காற்று வேண்டும். விமானிகளிடம் ஒரு வாய்ப்பாடு உண்டு: ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல். 35,000 அடியிலிருந்து இறங்க 105 கடல் மைல் தேவை. பினாங்குக்கும் லங்காவிக்கும் நடுவே இருப்பதே 70! அந்த உயரத்துக்கு ஏறிவிட்டால் இறங்க இடமில்லாமல் லங்காவியைத் தாண்டிப் போகவேண்டியதுதான். அதனால் ஏறுவதற்கு ஒரு பங்கு, இறங்குவதற்கு அதைவிடக் கொஞ்சம் பெரிய பங்கு என்று தூரத்தைப் பிரித்தால் உச்சி 12,000 முதல் 15,000 அடிக்குள் வந்து நிற்கும். பயணப் பாதையைப் பக்கவாட்டில் வரைந்தால் கூடாரம்போல இருக்கும், மொட்டைமாடிபோலத் தட்டையான பகுதி ஏறக்குறைய இராது. 10,000 அடிக்குக் கீழே வேகம் மணிக்கு 250 கடல் மைலைத் தாண்டக் கூடாது என்பது பல நாடுகளில் விதி. அதாவது மேலே சொன்ன அதே 460 கிலோமீட்டர். இந்தப் பயணத்தின் பெரும்பகுதி அந்த உயரத்துக்குக் கீழேயே கழிகிறது. ஜெட்டின் பலம் வெளிப்பட இடமே கொடுக்காத தூரம் இது. ஏடிஆர் 72 போன்ற சுழலி விமானம் இதே தூரத்தை ஜெட்டைவிடச் சில நிமிடங்களே அதிகம் எடுத்து, குறைந்த எரிபொருளில் முடித்துவிடும்.

இதையெல்லாம் சேர்த்து ஒரு கைக்கணக்கு செய்துகொள்ளலாம். வாடகைக் காடியில் ஏறி உட்கார்ந்ததுமே மீட்டரில் ஒரு தொகை விழுந்துவிடுகிறது அல்லவா? அதுபோல ஒவ்வொரு ஜெட் பயணத்துக்கும் முதலில் 30 நிமிடம் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு 800 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம் வீதம் கூட்டுங்கள். பினாங்கு–லங்காவிக்கு 30-உடன் பத்து நிமிடம், ஆக நாற்பது. பேத்தி சொன்னது சரி. கோலாலம்பூர்–பினாங்கு 325 கிலோமீட்டர், கணக்குப்படி 54 நிமிடம். அட்டவணையில் ஒரு மணி நேரத்தை ஒட்டிப் போடுவார்கள். 2024 டிசம்பரில் தொடங்கிய சென்னை–பினாங்கு நேரடி விமானத்துக்கு மூன்றரை மணி நேரத்தை ஒட்டி வரும். அங்கே அந்த முதல் 30 நிமிடம் ஏழில் ஒரு பங்கு. லங்காவிக்குப் போகும்போது அதுவே முக்கால் பங்கு.

சென்னைப் பயணச்சீட்டில் இன்னொரு குழப்பமும் காத்திருக்கும். புறப்படும் நேரத்தை வந்து சேரும் நேரத்திலிருந்து கழித்தால் ஆறு மணி நேரம் வரும், ஏனென்றால் மலேசியக் கடிகாரம் இந்தியக் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னே ஓடுகிறது. 1982 புத்தாண்டுக்கு முன்னால் வித்தியாசம் இரண்டு மணி நேரம்தான். சபா, சரவாக்கோடு ஒரே நேரமாக்க, தீபகற்பத்தின் கடிகாரங்களை அன்று அரை மணி முன்னுக்குத் தள்ளினார்கள்.

பெரியவருக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. மணிக்கு 195 என்ற வேகம் இந்த ஊர்களுக்குப் புதிதில்லை. பினாங்கில் பாயான் லெப்பாஸ் விமான நிலையம் 1935-இல் திறந்தது. 1937-இல் வேர்ன்ஸ் நிறுவனம் சிங்கப்பூர்–கோலாலம்பூர்–பினாங்கு விமான சேவையைத் தொடங்கியபோது பறந்தவை டி ஹேவிலண்ட் டிராகன் ரேப்பிட் என்னும் இரட்டையடுக்கு இறக்கை விமானங்கள். மரச் சட்டத்தின் மேல் துணி போர்த்திச் செய்தவை. அவற்றின் இயல்பான வேகம் மணிக்குச் சுமார் 210 கிலோமீட்டர். ஏறக்குறைய தொண்ணூறு ஆண்டுகள் கழித்து இரண்டு தீவுகளுக்கு இடையே ஜெட் விமானம் கட்டையிலிருந்து கட்டைவரை காட்டும் சராசரி அந்தத் துணி விமானத்தின் வேகத்துக்கும் கீழே நிற்கிறது.

இதற்கு நேரெதிரான உதாரணம் ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்ற இரண்டு தீவுகளுக்கு நடுவே 2.7 கிலோமீட்டர். உலகத்திலேயே மிகக் குறுகிய வழக்கமான விமானப் பயணம். அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று ஒத்துழைத்த ஒரு நாளில் 53 விநாடியில் முடித்திருக்கிறார்கள். எட்டுப் பேர் அளவு ஏறும் குட்டி விமானம், வரிசை கிடையாது, பெரிய சுற்று கிடையாது. அங்கே மீட்டரின் முதல் தொகை ஏறக்குறைய சுழி.

நம் ஆட்களின் பயணத்தில் அந்த முதல் தொகை நாள்கணக்கில் இருந்த காலம் ஒன்று உண்டு. பினாங்கு விமான நிலையத்திலிருந்து வடகிழக்கே சில கிலோமீட்டரில், தீவுக்கும் பெருநிலத்துக்கும் இடைப்பட்ட நீரில், ஜெரஜாக் என்றொரு சிறு தீவு கிடக்கிறது. வடகிழக்கே பார்த்து மேலேறும் விமானத்தில் சன்னல் பக்கம் அமைந்தால் காடு மூடிய அதன் மேடு தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே தொழுநோயாளிகளுக்கு ஒரு குடியிருப்பும், கப்பலில் வருகிறவர்களைத் தடுத்து வைக்க ஒரு தொற்றுத்தடுப்பு நிலையமும் அமைந்தன. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய தோட்டத் தொழிலாளர்கள் வங்காள விரிகுடாவைத் தாண்டி வந்த பிறகு, கண்ணெதிரே பினாங்கு தெரிந்துகொண்டிருக்க, இந்தத் தீவில் அடைபட்டுக் கிடந்தார்கள். உடம்பில் நோய் இல்லை என்று உறுதியான பிறகே மேற்கொண்டு பயணம். 1926-இல் கட்டப்பட்ட ரஜுலா கப்பல் சென்னையிலிருந்து நாகப்பட்டினம், பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் எடுத்தது என்பார்கள். அந்த ஒரு வாரத்தை மட்டும் பயண நேரம் என்று எழுதும் வரலாறு, ஜெரஜாக்கில் கழிந்த நாட்களைக் கட்டைக்கு வெளியே விட்டுவிடுகிறது.

அங்கிருந்து இந்த மலைக்கு வந்தவர்களின் வழி இன்னும் நீளம். 1885-இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகுதான் சாலை வேலை தொடங்கியது. அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மேலே வரும் சாலை 1930-களின் தொடக்கத்தில் இங்குள்ள தானா ராத்தா ஊரை எட்டியது. அதற்கு முன்பே, 1929-இல், ஜே. ஏ. ரஸ்ஸல் 'போ' (Boh) என்னும் தேயிலைத் தோட்டத்தை ஆரம்பித்திருந்தார். காட்டை வெட்டி, சரிவைச் செதுக்கித் தேயிலை நட்ட கைகளில் பெரும்பாலானவை தமிழ்க் கைகள்.

தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு நேர்கோட்டுத் தூரம் 33 கிலோமீட்டர்தான். சாலையில் 58. விமானம் திருப்பத்தில் இழப்பதைச் சாலை இன்னும் தாராளமாக இழக்கிறது. ஏன் என்று பார்க்கக் கடையின் வாசலுக்கு வந்து தேயிலைச் சரிவைப் பார்த்தாலே போதும். செடி வரிசைகள் மேலிருந்து கீழாக ஓடுவதில்லை. ஒரே உயரத்தைப் பிடித்துக்கொண்டு, மேடு வந்தால் வெளியே புடைத்து, பள்ளம் வந்தால் உள்ளே குழிந்து, சீப்பு வாரியதுபோல் மலையைச் சுற்றிப் போகின்றன. மழை நீர் மண்ணை அரித்துக்கொண்டு ஓடாமலிருக்க அப்படி. கொழுந்து எடுப்பவர் எதிரே பத்தடியில் தெரியும் பள்ளத்தின் மறுகரைக்குப் போக, வரிசையோடு உள்ளே நடந்து, ஓடையைத் தாண்டி, மறுபடி வெளியே நடந்து வரவேண்டும். மலைச் சாலையும் கொழுந்து எடுப்பவர் நடக்கும் அதே வழியில்தான் போகிறது, அளவு மட்டும் பெரிது. ஒவ்வொரு மலைமடிப்புக்கும் ஒருமுறை உள்ளே போய் வெளியே வரும்போது 33 என்பது 58 ஆகிவிடுகிறது.

இதில் எனக்கு வியப்பாக இருந்தது சாய்வுக் கணக்கு. தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் ஏற்றம். 58 கிலோமீட்டரில் பரப்பினால் நூறு மீட்டருக்கு இரண்டரை மீட்டர்கூட இல்லை. தரையிறங்கும் விமானமோ 3 பாகைச் சாய்வில் வருகிறது, அதாவது நூறு மீட்டருக்கு ஐந்து மீட்டருக்கு மேல். காது அடைக்க, வயிறு புரட்ட, சூட்கேஸ் உருள ஏறிவரும் மலைச் சாலை சராசரியில் விமானம் இறங்கும் பாதையில் பாதிச் சாய்வு! வயிற்றைப் புரட்டுவது ஏற்றத்தைவிட வளைவுதான் என்பதை இந்தச் சாலையில் ஒருமுறை வந்தவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

காது விஷயத்தில் ஒரு இடைச்செருகல். நெடுந்தூர விமானத்துக்குள் காற்றழுத்தத்தை 1,800 முதல் 2,400 மீட்டர் உயரத்தில் இருப்பதுபோல் வைத்திருப்பார்கள். பிரிஞ்சாங் மலையுச்சி 2,031 மீட்டர். தானா ராத்தா 1,440. விமானத்தில் தேநீர் ருசிக்கவில்லை என்று குறைபடுகிறவர்கள் இங்குள்ள அடுப்பை நினைத்துக்கொள்ளலாம். இந்த உயரத்தில் தண்ணீர் 95 பாகைச் சூட்டிலேயே கொதித்துவிடுகிறது. தேயிலை விளையும் மலையிலேயே அதற்கு முழுக் கொதிநீர் கிடைப்பதில்லை.

மறுநாள் நானும் லங்காவிக்குத்தான் போனேன். காலை ஆறு மணிக்குத் தானா ராத்தாவில் பஸ், பினாங்கில் இறங்கி விமான நிலையம், காத்திருப்பு, பறப்பு, லங்காவியில் பெட்டிக்காகக் காத்திருப்பு. வெளியே வந்து வெயிலில் நின்றபோது மணி மூன்று. இரண்டு ஊருக்கும் நேர்கோட்டுத் தூரம் 276 கிலோமீட்டர். ஒன்பது மணி நேரத்தால் வகுத்தால் மணிக்கு 31 கிலோமீட்டருக்குக் கீழே. சைக்கிள் பந்தயக்காரர் யாராவது மலையும் கடலும் குறுக்கே இல்லாமல் மிதித்திருந்தால் என்னை முந்தியிருப்பார். அந்த ஒன்பது மணியில் விமானத்தின் சக்கரம் தரையில் படாமல் இருந்தது அரை மணிக்கும் குறைவு.

முந்தைய நாள் கடையை விட்டுக் கிளம்பும் முன் பெரியவருக்கு இன்னொரு கணக்கும் சொன்னேன். தானா ராத்தாவுக்கு மிக அருகில் இருக்கும் விமான நிலையம் ஈப்போ. நேர்கோட்டில் 33 கிலோமீட்டர். சிம்பாங் பூலாய் சாலையில் சுற்றிப் போனால் 80-க்கு மேல், இரண்டு மணி நேரம் பிடிக்கும். நடுவில் மலைமுகடுகள் இல்லை என்று வைத்துக்கொண்டு, தானா ராத்தாவிலிருந்து ஈப்போ ஓடுபாதைக்கு ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் அதன் சாய்வு இரண்டரை பாகையை ஒட்டி இருக்கும். விமானம் இறங்கி வரும் 3 பாகைக்கு ஏறக்குறைய அதேதான்.

பெரியவர் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்தார்.

"அப்போ கயித்தைக் கட்டிக் குடுங்க தம்பி. பிரேக் போடாம இறங்கிக்கிறேன்."